உயர்தரத்தில் சித்திரம்: அன்று கேட்டோம், இன்றும் கேட்கிறோம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நாங்கள் 1996ஆம் ஆண்டு மார்கழியில் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை எழுதிய வகுப்பினர். மேடையில் ஒருத்திதான் நிற்கிறாள். ஆனால் இந்த உரை பல கைகளால் எழுதப்பட்டது. ரொறன்ரோவில் இருப்பவர்களும், கிளிநொச்சியில் படிப்பிப்பவர்களும், இங்கேயே கோப்பாயில் தோட்டம் செய்பவர்களும் எழுதியனுப்பியதைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறோம். எங்களில் மருத்துவம் படித்தவர்கள் மூவர். அதனால் உணவும் நீரிழிவும் பற்றிப் பேசுவோம் என்று சங்கம் எதிர்பார்த்திருக்கலாம். அது இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். இன்று நாங்கள் பேச வந்தது உயர்தரத்தில் சித்திரம் என்ற பாடத்தைப் பற்றி.

எங்கள் காலத்தில் அழகியற் பாடமாகச் சங்கீதம், நடனம், சித்திரம் என்ற மூன்றில் ஒன்றை எடுக்கவேண்டும். பெண்பிள்ளைகள் பாடசாலையில் சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் இடம்பிடிக்க வேண்டியிருக்கும். நவராத்திரிக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் மேடையேறலாம், அம்மாமார் வந்து பார்க்கலாம். குரலும் இல்லை, தாளமும் இல்லை என்று கண்டவர்களைச் சித்திரத்துக்கு அனுப்புவார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்கள் எங்களில் பாதிப்பேர். மற்றப் பாதி விரும்பிப் போனவர்கள். ஒரு தவணைக்குள் இரண்டு பாதியையும் வேறுபிரிக்க முடியாமற் செய்துவிட்டார் எங்கள் சித்திர ரீச்சர்.

அது பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் இல்லை. கடையில் வர்ணப்பெட்டி இருந்தால் அதன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவோம். ரீச்சர் எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போனார். கோப்பாயின் மேற்குப் பக்கம் செம்பாட்டு மண், கிழக்கே உப்பங்கழியை நோக்கிப் போகப்போக நிறம் மாறிச் சாம்பலும் வெள்ளையுமாகிவிடும். ஒரே கிராமத்தில் ஐந்தாறு நிறத்தில் மண் கிடைக்கும் என்பது அதுவரை எங்கள் கண்ணில் படவில்லை. அதை அரித்து, விளாம்பிசினில் குழைத்தோம். ஜாம் போத்தல் விளக்கின் கரியை ஓட்டில் பிடித்துக் கறுப்பாக்கினோம். நீலத்துக்கு உடுப்புக்குப் போடும் நீலம். பச்சைதான் சரிவரவில்லை. எந்த இலையைக் கசக்கினாலும் மறுநாள் மண்ணிறமாகிவிடும். அந்த ஆண்டு நாங்கள் வரைந்த வாழைத்தோட்டங்கள் எல்லாம் பங்குனி வெயிலில் காய்ந்தவை போலத்தான் இருந்தன.

தூரிகையைத் தொடவிட முன்னர் ஒரு தவணை முழுவதும் பென்சில்தான். ஒரு செம்பு, ஒரு கத்தரிக்காய், ஒரு மடித்த துணி. செம்பின் வாய் வட்டம் என்று எங்களுக்குத் தெரியும், ஆகவே வட்டமாக வரைவோம். “உனக்குத் தெரிஞ்சதை வரையாதை, தெரியிறதை வரை” என்பார். நீ இருக்கிற இடத்திலிருந்து அது நீள்வட்டம். பக்கத்தில் இருப்பவளுக்கு இன்னொரு நீள்வட்டம். பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அகலத்தையும் உயரத்தையும் அளந்து பார்க்கவேண்டும். எட்டுத் தரம் அழித்துக் கடதாசி ஓட்டையான பிள்ளைகளும் உண்டு.

1995 ஐப்பசி 30. அந்த இரவைப் பற்றி இந்த மண்டபத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மழையில், கோப்பாய் – கைதடி வீதியிலும் நாவற்குழிப் பாலத்திலுமாக வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தது. நாங்கள் அப்போது பத்தாம் வகுப்பு. சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு கோயில் மடத்தில் எங்களில் ஏழெட்டுப் பேரும் ரீச்சரின் குடும்பமும் ஒன்றாக இருந்தோம். புத்தகம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. நிவாரணச் சாமான் கட்டிவந்த கடதாசியை விரித்து, அடுப்புக்கரியை ஆளுக்கொரு துண்டாகத் தந்து, “உங்கட வீட்டை வரையுங்கோ” என்றார். பார்த்து வரையவே படித்திருந்தோம், இப்போது பார்க்க முடியாததை வரையவேண்டும். படலையிலிருந்து வாசலுக்கு எத்தனை அடி, கிணற்றடிக்கும் குசினிக்கும் நடுவில் நின்றது எலுமிச்சையா மாதுளையா, விறாந்தையில் எத்தனை தூண் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒருத்தி தன் வீட்டில் ஒரு யன்னலின் இடம் நினைவில்லை என்று அழத்தொடங்கினாள். தாயும் பேத்தியாரும் கூடி இருந்து அந்த யன்னல் எங்கே என்று விவாதித்தார்கள். பிறகு மடத்தில் இருந்த பெரியவர்களும் கரி கேட்டு வந்தார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, யாழ். பல்கலைக்கழகத்தில் கற்பிக்கின்ற ஓவியர் தா. சனாதனனின் நூல் ஒன்று எங்கள் கைக்கு வந்தது. 2011இல் வெளிவந்தது. முழுமையுறாத தோம்பு என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொல்லி, அந்தக் கோட்டுப்படங்களோடு கட்டடக் கலைஞர் முறைப்படி வரைந்த படத்தையும் தன் ஓவியத்தையும் அவர் சேர்த்திருக்கிறார். அதைப் புரட்டியபோது அந்த மடத்துக் கடதாசிகள் எங்கே போயின என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். ஒன்றும் மிஞ்சவில்லை. 1996 சித்திரையில் திரும்பி வந்தபோது கொண்டுவர வேறு சாமான்கள் இருந்தன.

அடுத்த மார்கழியில் பரீட்சை எழுதினோம். சித்திரத்தில் பெறுபேறு நன்றாகவே வந்தது. உயர்தரத்துக்கு எங்களில் மூன்று பேர் சித்திரம் கேட்டார்கள். மூன்று பேருக்காக ஒரு வகுப்பு நடத்த முடியாது, ஆசிரியரும் இல்லை என்றார்கள். ரீச்சர் அதற்குள் இடமாற்றமாகிப் போயிருந்தார். மூவரில் ஒருத்தி இந்து நாகரிகத்துக்கும் புவியியலுக்கும் போனாள். இன்னொருத்திக்குக் கணிதத்தில் நல்ல புள்ளி, அவளை வீட்டார் விஞ்ஞானப்பிரிவில் இருத்தினார்கள். அவள்தான் எங்கள் எல்லோரிலும் திறமாக வரைபவள். மூன்றாமவள் சைக்கிளில் நகரத்துக்குப் போய்த் தனியாகப் படித்து, பரீட்சையும் எழுதி, இன்று வன்னியில் சித்திர ஆசிரியை. அவளுடைய பாடசாலையில் உயர்தரச் சித்திரம் நடக்கிறது. எங்கள் பாடசாலையில் இன்றும் இல்லை.

இது புதிதாக எங்கிருந்தோ இறக்குமதி செய்யக் கேட்கும் பாடம் அல்ல. வடபகுதியின் சித்திர வித்தியாதிகாரியாக இருந்த எஸ்.ஆர். கனகசபை 1938இல் வின்சர் ஆர்ட் கிளப்பைத் தொடங்கினார். 1920களில் இலங்கையின் பிரதம சித்திரப் பரிசோதகராக இருந்து, நவீன ஓவியத்தை இங்கே அறிமுகப்படுத்திய சி.எப். வின்சரின் பெயர் அது. கொழும்பில் ’43 குழு கூடுவதற்கு ஐந்து ஆண்டு முன்னரே யாழ்ப்பாணத்தில் ஓர் ஓவியர் கழகம் இருந்தது என்பதை நாங்கள் பாடசாலையில் கேள்விப்பட்டதில்லை. சிகிரியாவும் அஜந்தாவும் பாடநூலில் இருந்தன, இருக்கவும் வேண்டும். எங்கள் ஊர்க்காரர் அங்கே இருக்கவில்லை. அதற்குப் பிறகு வந்தவர் குருநகரில் பிறந்த அ. மாற்கு. கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியில் டேவிட் பெயின்ரரிடம் படித்துவிட்டுத் திரும்பிவந்து, 1959இல் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை ஆரம்பித்தார். 2000ஆம் ஆண்டு மறையும்வரை பரீட்சைக்காகவும் பரீட்சைக்கு வெளியேயும் அவர் கற்பித்தார். அவரிடம் படித்தவர்களில் பெண்பிள்ளைகள் பலர். வாசுகி, அருந்ததி என்று இன்று எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள் அந்த வகுப்பிலிருந்து வந்தவை. தனி ஒரு மனிதர் விடுமுறை நாட்களில் செய்ததை நூறு ஆண்டு கண்ட ஒரு பாடசாலை செய்யக்கூடாதா?

மருத்துவராகிய எங்களிடம் எல்லோரும் எதிர்பார்க்கும் நியாயம் ஒன்று உண்டு, சித்திரம் மருத்துவத்துக்கு உதவும் என்பது. உண்மைதான், உதவும். உடற்கூற்று அறையில் கையின் தசைகளை வரையச் சொன்னபோது எங்களுக்குப் பயம் வரவில்லை. வலதுபக்கக் கன்னம் சற்றே தொய்ந்திருப்பதை, நகக்கண் வெளிறியிருப்பதை, நோயாளி வாய்திறக்க முன்னர் கண்டுகொள்வதற்கும் அந்தச் செம்பும் கத்தரிக்காயும்தான் காரணம் என்று நாங்கள் நம்புகிறோம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் தோல்நோய் மருத்துவர் ஒருவர் மருத்துவ மாணவர்களை ஓவியக்கூடத்துக்கு அழைத்துச் சென்று படங்களை உற்றுப் பார்க்கப் பழக்கினார். நோய்க்குறிகளைக் காண்பதில் அவர்கள் மற்றவர்களைவிடத் தேர்ந்ததாக 2001இல் ஆய்வும் வெளியிட்டார்கள். இதயத்தில் ஓட்டையுள்ள ஒரு குழந்தையின் பேத்தியாருக்கு, துண்டுக் கடதாசியில் நாலு அறை வீடு ஒன்றை வரைந்து, நடுச்சுவரில் ஓட்டை போட்டுக் காட்டினோம். “அப்ப மேசன் வேலை மாதிரித்தான்” என்று அவர் சத்திரசிகிச்சைக்குச் சம்மதித்தார்.

ஆனால் இந்த நியாயத்தை நாங்கள் அதிகம் சுமக்க விரும்பவில்லை. மருத்துவத்துக்கு உதவும், கணிதத்துக்கு உதவும், மன அமைதிக்கு உதவும் என்று சொல்லியே சித்திரத்தைக் காப்பாற்றினால், அது கடைசிவரை வேறொரு பாடத்தின் வேலைக்காரியாகவே இருக்கும். இரசாயனவியலை யாரும் அப்படிக் கெஞ்சிக் காப்பாற்றுவதில்லையே. ஸ்பானிய மருத்துவர் கஹால் சிறுவயதில் ஓவியராகவே விரும்பினார், தகப்பன் விடவில்லை. அவர் நுணுக்குக்காட்டியில் பார்த்து வரைந்த நரம்புக் கலங்கள் அவரை 1906இல் நோபல் பரிசு வரை கொண்டுபோயின. எங்கள் மாணவர் எல்லோர் மேசையிலும் கிடக்கும் உடற்கூற்றுப் படநூலைத் தந்த நெற்றரும் நியூயோர்க்கில் ஓவியம் பயின்றபின் வீட்டாரின் விருப்பத்துக்காக மருத்துவம் படித்தவர். இந்தக் கதைகளைப் பெருமையாகச் சொல்லுகிறோம். தடுக்கப்பட்டு மருத்துவராகி, பிறகு வரையாமலே போனவர்களின் கதையை யார் எழுதுகிறார்கள்? எங்களில் திறமாக வரைந்தவள் இன்று நல்ல மருத்துவர். இருபத்தைந்து ஆண்டுகளாக அவள் ஒரு கோடும் போடவில்லை. இந்த உரைக்காக எழுதிக் கேட்டபோது, “பென்சிலைத் தொட்டா வேலைக்குப் போக மனம் வராது” என்று ஒரு வரி மட்டும் அனுப்பினாள்.

“சித்திரம் படிச்சு என்ன செய்யிறது?” என்று கேட்கும் அம்மாமாருக்கு ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் அந்தக் கேள்வி நியாயமானது. உயர்தரத்தில் அது கலைப்பிரிவின் மூன்று பாடங்களில் ஒன்றாக எண்ணப்படும் முழுப்பாடம். எழுத்துப் பரீட்சையும் உண்டு, செய்முறையும் உண்டு. மருதனார்மடத்தில், நம் பிள்ளைகள் சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில், பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பகுதியில் சித்திரமும் வடிவமைப்பும் பட்டப்படிப்பாக இருக்கிறது. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. சித்திர ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் எத்தனை என்று நம் ஆசிரியர்களையே கேளுங்கள். சோறு கிடைக்காத படிப்பு அல்ல. பெரிய வீடு கட்டித்தராது, அதையும் மறைக்கவில்லை.

நூற்றாண்டு நிதியில் வாசலில் ஒரு வரவேற்பு வளைவு கட்டலாம் என்ற யோசனை இருப்பதாக அறிகிறோம். வளைவு அழகாகத்தான் இருக்கும். எங்கள் வகுப்பின் யோசனை, பழைய விடுதியின் சாப்பாட்டறையைத் திருத்திச் சித்திர அறையாக்குவது. உயரமான கூரை, வடக்குப் பக்கம் நீள யன்னல்கள். ஓவிய அறைக்கு வடக்கு வெளிச்சம் என்பது ஐரோப்பியக் கணக்கு. இங்கே சித்திரை நடுவிலிருந்து ஆவணி கடைசிவரை சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும், வெயில் நேரே உள்ளே விழும். ஆகவே அந்தப் பக்கம் அகலமாக ஒரு தாழ்வாரம் இறக்கவேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் மேசனிடம் கணக்குக் கேட்டிருக்கிறோம்.

மூன்று பிள்ளைகள் கேட்டாலும் வகுப்பு நடத்தவேண்டும் என்பது எங்கள் இரண்டாவது வேண்டுகோள். நியமனம் வரும்வரை ஆசிரியரின் கொடுப்பனவை எங்கள் வகுப்பு மூன்று ஆண்டுக்கு ஏற்கிறது. அதிபர் அவர்களிடம் எழுத்தில் கொடுத்துவிட்டோம். விஞ்ஞானப்பிரிவுப் பிள்ளைகளுக்கும் சனிக்கிழமைகளில் அந்த அறை திறந்திருக்கவேண்டும். பரீட்சைக்காக அல்ல. ரியூசன் முடிந்து வரட்டும், ஒரு மணித்தியாலம் செம்பை வரைந்துவிட்டுப் போகட்டும்.

வெளிநாடுகளிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வர்ணப்பெட்டிகளைக் காவிக்கொண்டு வரவேண்டாம், இப்போது யாழ்ப்பாணக் கடைகளிலேயே வாங்கலாம். அச்சில் நல்ல ஓவிய நூல்கள் அனுப்புங்கள், அவைதான் இங்கே அருமை. உங்கள் பழைய சித்திரக் கொப்பி யாரிடமாவது இருந்தால் அதையும் தாருங்கள், எந்த ஆண்டுடையதானாலும் சரி. அறையின் ஒரு சுவரை அதற்கென்று விட்டிருக்கிறோம். எங்கள் வன்னித் தோழி பின்வரிசையில் ஒரு கொப்பியோடு இருக்கிறாள், பெயரைப் பதிந்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.