சான்றிதழுக்கு அப்பால்



நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் பொறியாளர். ஐ.எஸ்.ஓ. 14001 என்றாலே நம்மில் பலருக்கு ஃபைல்தான் ஞாபகம் வரும். 1996ல் வெளிவந்த இந்தத் தரநிலை கேட்பது எளிய கேள்விதான்: உன் தொழிலால் மண்ணுக்கும் நீருக்கும் என்ன கெடுதல்? அதைக் குறைக்க யார், எதை, எப்போது செய்கிறார்?

பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, கழிவுநீரோடு போய்விடும். நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்தது அதுதான். விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. விவசாயிக்குத் தண்ணீர் போச்சு, தொழிலாளிக்கு வேலை போச்சு. கழிவுநீரே வெளியேறாத ஏற்பாடு செய்தவர்கள்தான் மீண்டும் தொழில் நடத்த முடிந்தது.

எங்கள் பட்டறையில் சாக்கடை ஓரமாக நடந்துதான் வேலையைத் தொடங்கினோம். மெஷினுக்கு ஒரு தண்ணீர் மீட்டர் வைத்தோம். உப்பை எடைபோட்டுப் பதிந்தோம். அப்போது ஓர் ஆபரேட்டர் சொன்னார்: "சார், ஷேடு முதல் தடவையே சரியா வந்தா, மறுபடி சாயம் போட வேண்டாமே!" அதையே எங்கள் முதல் இலக்காக எழுதினோம். மறுசாயம் குறைந்தால் தண்ணீர், உப்பு, எவாப்பரேட்டருக்கான நீராவி மூன்றும் மிச்சம்.

இங்கே முதலாளிகளும் மேலாளர்களும் இருக்கிறீர்கள். உள்தணிக்கையில் ஃபைலைப் புரட்டும் முன் ஆபரேட்டரைக் கேளுங்கள். மேலாண்மை ஆய்வுக் கூட்டத்துக்கு ஆள் அனுப்பாதீர்கள், நீங்களே உட்காருங்கள். சான்றிதழைச் சுவரில் மாட்டலாம். ஆற்றைக் காப்பாற்றுவது தினசரிப் பழக்கம்தான்.