அப்பாவின் மொறிஸ் மைனர்



1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர், இலங்கையில் பல வீடுகளில் ஓர் அங்கத்தவர் போலவே வாழ்ந்தது. கந்தளாயில் என் தந்தையார் விட்டுச் சென்றதும் அதுவே. 1961க்கு முந்திய வண்டி. திரும்பும்போது விளக்கு மின்னாது, கதவோரத் தூணிலிருந்து சிறு கையொன்று நீளும். அப்பாவும் அப்படித்தான். பேச்சுக் குறைவு, கைச்சைகையே உத்தரவு.

அவர் மறைந்தபின், “பழைய இரும்புக்குக் கொடுங்கோ சேர்” என்றனர் பலர். வண்டியைத் துப்புரவாக்குகையில் அவருடைய கொப்பி அகப்பட்டது. எண்ணெய் மாற்றிய திகதிகளுக்கிடையே 1998இல் ஒரு வரி: “தம்பிக்குத் திருகோணமலையில் பரீட்சை. வழியில் காவலரண்கள். வெள்ளென வெளிக்கிடவேண்டும். பிறேக் பார்க்க.”

அன்று பின்னிருக்கையில் நான் நல்ல நித்திரை.

வாய் சொல்லாத அன்பையும் மனிதர் எங்கேயோ எழுதித்தான் வைக்கிறார்கள். வண்டியை விற்கவில்லை. அடுத்த எண்ணெய் மாற்றிய திகதியை அதே கொப்பியில் நான் எழுதினேன்.