மச்சில் குடியேறிய வௌவால்கள்
(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பழைய ஓட்டு வீடுகளிலும், பள்ளிக் கட்டடங்களிலும், நெற்களஞ்சியங்களிலும் வௌவால்கள் குடியேறியிருப்பதை நாம் காண்கிறோம். எச்சத்தின் நாற்றம் தாங்க முடிவதில்லை. மச்சில் வைத்த தானியமும் பாழாகிறது. அவற்றை வெளியேற்ற வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. முறையில்தான் தவறு நேர்கிறது.

பகற்பொழுதில் கொத்தனாரை அழைத்து, கண்ட துவாரங்களையெல்லாம் அடைத்து விடுகிறோம். அவ்வேளையில் வௌவால்கள் உள்ளேதான் உறங்குகின்றன. அடைபட்டவை அங்கேயே மடிந்து அழுகும். சில, இடுக்கு வழியே நாம் படுக்கும் கூடத்துக்குள் இறங்கும். புகையும் அந்துருண்டையும் நிலையான பயன் தருவதில்லை.

மச்சில் தங்குபவை பெரும்பாலும் பூச்சி தின்னும் சிறு வௌவால்கள். நெல்லின் தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சியாக இரவில் பறப்பதை உழவர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. அத்தகைய பூச்சிகளே இவற்றின் இரை. ஓர் ஈற்றில் ஒன்றிரண்டு குட்டிகளே ஈனுவதால், இவை எலியைப்போல் விரைந்து பெருகுவதுமில்லை.

ஆதலின் முதல் வேலை, பார்ப்பது. அந்தி சாயும்போது வீட்டின் இரு மூலைகளில் இருவர் நின்று, வௌவால்கள் எவ்வழியே வெளிவருகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். அரை அங்குல இடுக்கே அவற்றுக்குப் போதும். இறவாணம், மோட்டு ஓடு, கைமரம் சுவரில் அமரும் இடம் ஆகியவற்றைக் கவனிக்க. பின் மச்சில் குட்டிகள் உண்டா எனப் பார்க்கவேண்டும். இருப்பின் வேலையை ஒத்திப்போடுக. சிறிய இனங்களின் குட்டிகளே பறக்க மூன்று நான்கு வாரங்கள் ஆகும். பெரியவற்றுக்கு இன்னும் கூடுதலாகும்.

குட்டிகள் இல்லையெனில், வௌவால்கள் பயன்படுத்தாத இடுக்குகளை முதலில் அடைக்கலாம். அவை வெளிவரும் துவாரத்தின்மேல் கொசுவலைத் துணியைத் தொங்கவிடுக. மேற்புறமும் இரு பக்கமும் சுவரோடு இறுகியிருக்கவேண்டும். அடிப்புறம் திறந்து, துவாரத்துக்குக் கீழே இரண்டடி தொங்கவேண்டும். வெளிவரும் வௌவால் வலைக்கடியில் ஊர்ந்து பறந்துவிடும். திரும்பி வருவது துவாரத்தையே நாடி வலையில் மோதுமேயன்றி, அடிவழியை அறியாது. ஒரு வாரம் அப்படியே விட்டு, மாலையில் ஒன்றும் வெளிவரவில்லை என்று கண்ட பின்பே சுண்ணாம்புக் காரையால் அடைக்கவேண்டும். காற்றோட்டம் தேவையான இடத்தில் நெருக்கமான கம்பிவலை போதும்.

அவை எங்கே போகும் என்று கேட்பீர்கள். மரப்பொந்தும் பனையின் காய்ந்த ஓலையும் அவற்றுக்கு இடமாகும். அவ்வோலைகளை முற்றும் கழிக்காமல் சில மரங்களிலாவது விட்டுவைப்பது நன்று.

எச்சத்தை உலர்ந்தபடி பெருக்கலாகாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு அள்ளுக. எருக்குழியில் இட்டு மக்கவைத்தால் நல்ல உரம். வௌவாலை வெறுங்கையால் தொடவேண்டாம். கடித்துவிட்டால் சோப்பு நீரால் கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி தேவைப்படலாம்.

உறுப்பினர்களுக்கு ஒன்று. பள்ளிக் கட்டடப் பழுதுபார்ப்புக்கு மதிப்பீடு தயாரிக்கும்போதே, வலைக்கான செலவையும் ஒரு வாரக் காத்திருப்பையும் அதில் எழுதிவிடுங்கள். எழுதாவிடில், ஒப்பந்தக்காரர் பகலிலேயே பூசி முடித்துப் போய்விடுவார். நாற்றம் பிள்ளைகளுக்கு மிஞ்சும்.