கேட்பதும் பறிப்பதும்

(ஆரணிக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

  

அரசுகட்டிலைத் தாம் பற்ற விழையாது, ஆள்வோரைத் தம் வேண்டுகைக்கு இணங்கச் செய்ய முயலும் கூட்டத்தை அழுத்தக்குழு என்பர். பட்டு நெய்யும் இவ்வூர்க்கு அது புதிதன்று. 1985-இல் நடுவணரசு இயற்றிய சட்டம் சிலவகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. விசைத்தறியாளர் வழக்காடினர், 1993-இல் உச்சநயன்மன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. இருசாராரும் அழுத்தினர், எவர் கழுத்திலும் கத்தி வைக்கப்படவில்லை.

அங்ஙனமாயின், படைக்கலம் ஏந்திய அரசியல் அமைப்பையும் அழுத்தக்குழு எனலாமோ?

2000 சூலை 30-ஆம் நாள், கன்னட நடிகர் இராசுகுமாரை வீரப்பன் கூட்டம் கசனூரிலிருந்து கடத்திச் சென்றது. தமிழ்நாடு விடுதலைப்படையினரும் அக்கூட்டத்தோடு இருந்தனர். காவிரி நீர், கருநாடகத்தில் தமிழுக்கு ஆட்சிமொழி உரிமை, 1991-ஆம் ஆண்டுக் கலவரத்தில் இழப்புற்ற தமிழர்க்கு ஈடு, பெங்களூரில் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறத்தல், தடாச் சட்டத்தில் சிறைப்பட்டோர் விடுதலை என வேண்டுகைகள் நீண்டன. இவற்றுட் பல நாமும் மேடைதோறும் கேட்பனவே. பட்டியலை மட்டும் நோக்கின் அழுத்தக்குழுவின் முறையீடு போன்றே தோன்றும்.

ஆயினும் அழுத்தம் என்பது, மறுக்கும் உரிமையைக் கேட்கப்பட்டோரிடம் விட்டுவைப்பது. மறுத்தால் ஓருயிர் போகும் என்னுமிடத்தில் வேண்டுகை இல்லை, பறிப்பே உண்டு. வழிமறித்து வேல்காட்டிப் பொருள் கேட்பவனை இரவலன் என்பார் எவருமிலர்.

விளைவையும் எண்ணுக. சிறைப்பட்டோரை விடுவிக்க இரு மாநில அரசுகளும் முனைந்தும் உச்சநயன்மன்றம் தடுத்தது. 108 நாள் கழித்து இராசுகுமார் மீண்டார். அந்நாள்களில் அஞ்சி வாழ்ந்தோர் பெங்களூர்த் தமிழரே. வள்ளுவர் சிலையோ 2009 ஆகத்து 9-இல் திறக்கப்பெற்றது. கலைஞர் கருணாநிதியும் எடியூரப்பாவும் பேசி இணங்கினர். நான்கு நாளில் சென்னையில் கன்னடப் பாவலர் சர்வஞ்ஞர் சிலையும் திறக்கப்பெற்றது. பதினெட்டாண்டு மூடிக்கிடந்த சிலையைத் துமுக்கி திறக்கவில்லை, சொல் திறந்தது.

"1965-இல் மாணவர் எழுந்தபோதும் தீயும் குருதியும் இருந்தனவே" எனச் சிலர் வினவலாம். இருந்தன, மறைப்பதற்கில்லை. ஆயினும் அப்போராட்டத்தின் வலிமை மக்கள் திரளே. வன்முறை அதன் கருவியன்று. இந்தி பேசாதார்க்கு ஆங்கிலத்தை உறுதிசெய்த 1967-ஆம் ஆண்டு ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் அத்திரளுக்கு அஞ்சியே பிறந்தது. வன்முறை நேர்ந்துவிட்ட இயக்கம் வேறு. வன்முறையையே தொழிலாக்கிய அமைப்பு வேறு.

ஆதலின், கொள்கை ஒன்றாயினும் பெயர் ஒன்றாகாது. ஆள்வோர்க்கும் ஒன்று சொல்லவேண்டும்: கேட்போர்க்குக் கதவடைத்தால் பறிப்போர்க்கு வழி திறக்கும். நமக்கோ, வள்ளுவப் பெருமான் அமைச்சியலில் சொல்வன்மைக்கெனத் தனியதிகாரமே வகுத்தளித்துள்ளார். அவ்வன்மையைப் பெருக்குவோம், திரளுவோம், உரிமையைக் கேட்டுப் பெறுவோம்.

வெல்க தமிழ்!