கயிறு பிடிக்க ரெண்டு பேர்

பின்னால் சுவரோரம் நிற்கிற என் பழைய மாணவர்களே, உட்காருங்கப்பா, இன்றைக்கு யாரையும் ஓடச் சொல்லமாட்டேன்.

வாசகர் வட்டத் தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'உடலும் உள்ளமும்'. ரெண்டு நாளாகக் குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். இப்போது மாடிப்படி ஏறி வரும்போது ஒரு தகப்பனார் என்னை நிறுத்திக் கேட்டார்: "சார், பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா. பி.டி. டீச்சருக்குத்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. விசில் ஊதறதுக்கு ரெண்டு வருசம் படிக்கணுமா? அதுல படிக்கிறதுக்கு என்ன சார் இருக்கு?" பக்கத்தில் அந்தப் பெண் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்திரண்டு வருடம் விசில் ஊதியவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். நம் ஊரில் பாதிப் பேர் மனதில் இருக்கிற கேள்விதான். அவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். தலைவர் மன்னிக்க வேண்டும். உடலையும் உள்ளத்தையும் அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு அந்தத் தகப்பனாருக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

முதலில் கணக்கு. ஆமாம், கணக்குதான். விளையாட்டு விழாவில் மைதானத்தில் வெள்ளைக்கோடு பார்த்திருப்பீர்கள். அதை யார் போடுகிறார்கள் என்று யாராவது பார்த்ததுண்டா? விழாவுக்கு முன்பே விடியற்காலையில் ஒரு ஆள் கயிறு, ஆணி, டேப், சுண்ணாம்புத்தூள் வாளியோடு குனிந்துகொண்டே போவார். அவர்தான். வீட்டுக்கு வானம் தோண்டும்போது கொத்தனார் மூணு, நாலு, அஞ்சு என்று கயிற்றைப் பிடித்து மூலைமட்டம் பார்ப்பாரே, அதே வித்தையில்தான் நாங்களும் செங்கோணம் எடுப்போம். பிறகு வளைவு. 400 மீட்டர் ஓடுதளத்தில் உள்விளிம்பின் ஆரம் 36.50 மீட்டர். ஆனால் ஓடுகிறவன் விளிம்பின் மேலேயா ஓடுவான்? 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டும். 36.80 என்று வைத்துப் பெருக்கினால் இரண்டு வளைவும் சேர்ந்து 231.22 மீட்டர். நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39. கூட்டிப் பாருங்கள், 400 வந்து நிற்கும்.

இரண்டாவது பாதையில் ஓடுகிறவனுக்கு வட்டம் பெரிசு. அவனை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். மூன்றாவது பாதையிலிருந்து ஒவ்வொருவரையும் அதற்கு மேல் 7.67 மீட்டர். எட்டாவது பாதைக்காரன் 53 மீட்டர் முன்னால் நிற்பான். கூட்டத்தில் ஒரு பெரியவர் வருடா வருடம் என்னிடம் சண்டைக்கு வருவார், "அந்தப் பையன் உங்களுக்குச் சொந்தமா, அவ்வளவு முன்னால விட்டிருக்கீங்க?" என்று! இந்தக் கணக்கைப் பரீட்சையில் எழுதினால் போதாது. எங்கள் கல்லூரியில் வெயிலில் கயிற்றைப் பிடித்துப் போட்டுக் காட்ட வேண்டும். ஒரு சாண் பிசகினால் அழித்துவிட்டு மறுபடி. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் எரியும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நிற்கப் பழகிக்கொள்வோம்.

அடுத்தது குரல். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருக்கிற வகுப்பைத் திருப்ப வேண்டும். "அபௌட்..." என்று நீட்டி, நிறுத்தி, அப்புறம் "டர்ன்!" அந்த நடு இடைவெளிதான் பாடம். என்ன செய்யப்போகிறோம் என்று பிள்ளையின் மனதுக்கு எட்டியபிறகுதான் காலுக்குக் கட்டளை போக வேண்டும். இடைவெளி இல்லாமல் சேர்த்துக் கத்தினால் பாதிப் பேர் இடப்பக்கம், பாதிப் பேர் வலப்பக்கம் திரும்பி மூக்கும் மூக்கும் இடித்துக்கொள்வார்கள். காலை ஐந்தரைக்கு மைதானம், ஒன்பது மணிக்கு ஈர பனியனோடு உடற்கூறு வகுப்பு. அங்கே 206 எலும்பும் கம்பியில் கோத்துத் தொங்கும். வளருகிற பிள்ளையின் எலும்பு நுனி இன்னும் மூடியிருக்காது, அதனால் பெரியவர்கள் தூக்குகிற எடையை அவர்களுக்குத் தரக்கூடாது என்பதெல்லாம் அந்தத் தூக்கக் கலக்கத்தில் படித்ததுதான். முதலுதவி, நடுவர் பயிற்சி, உளவியல் எல்லாம் உண்டு. பாடத்திட்டம் முழுவதையும் ஒப்பித்தால் தேநீர் ஆறிவிடும்.

ஆனால் எனக்குப் படிப்பு ஏறிய நாள் என்று ஒன்று உண்டு. அதைச் சொல்ல வேண்டும்.

கற்பித்தல் பயிற்சிக்காகப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பு, அறுபது பிள்ளைகள். வரிசையில் நிறுத்தி, ஒரு பந்தைக் கொடுத்து, கைப்பந்து பாஸ் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் சத்தம் போடவில்லை, வரிசை கோணவில்லை. என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எங்கள் பேராசிரியர் மரத்தடியில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடிந்ததும் கேட்டார்: "கடைசி வரிசையில மூணாவதா நின்ன பையன் பேர் என்ன?" தெரியவில்லை. "நாற்பது நிமிஷ வகுப்புல அவன் அசைஞ்சது எத்தனை நிமிஷம்?" அதுவும் தெரியவில்லை. வாட்சை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மூன்று நிமிடத்துக்குக் கீழே. மீதி நேரமெல்லாம் அவன் நின்றான், கால் மாற்றினான், முன்னால் இருந்தவன் சட்டையில் சுண்ணாம்பைத் தடவினான். "நீ பந்து வெச்சிருந்தவனைப் பார்த்தே. மத்த அம்பத்தொன்பது பேருக்கும் இது நிற்கிற வகுப்பு" என்றார்.

சின்னக் கணக்குதான். போகவர பத்து நிமிடம் கழித்தால் முப்பது நிமிடம். அறுபது பேர், ஒரு பந்து. தலைக்கு அரை நிமிடம். அதே அறுபது பேரை ஆறு கூட்டமாகப் பிரித்து, பந்து இல்லாத கூட்டத்துக்குக் கயிறு, பழைய சைக்கிள் டயர், சுண்ணாம்பில் போட்ட பாண்டிக் கட்டம் என்று கொடுத்துச் சுழலவிட்டால் ஒருவரும் நிற்க வேண்டியதில்லை. இதைச் சொல்ல ரெண்டு வரி போதும். செய்ய ஒரு வருடம் பிடித்தது எனக்கு.

பந்தும் இடமும் இல்லாத நெருக்கடியில் ஆசிரியன் மூளை எப்படி வேலை செய்யும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் உண்டு. 1891 டிசம்பர். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. வெளியே பனி, உள்ளே அடங்காத ஒரு வகுப்பு, பதினெட்டுப் பேர். ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக்கூடை ரெண்டை மாடி விளிம்பில் பத்தடி உயரத்தில் அடித்து, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். அதுதான் கூடைப்பந்து. ஒரு பி.டி. வாத்தியார் தன் பீரியடைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு, பிற்பாடு ஒலிம்பிக்குக்கே போய்விட்டது.

அதே ஒய்.எம்.சி.ஏ. மரபில் வந்த ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர்தான் 1920ல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கிறதே, அது. புத்தகக் கண்காட்சிக்குப் போய்ப் பையை நிறைத்துக்கொண்டு வருகிறோமே, அந்த மைதானம் இருக்கிற இடம்தான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளர் அவர்தான். 1943ல் காலமாகும்வரை இங்கேயே இருந்தார். அதற்கப்புறம் காரைக்குடி, பெரியநாயக்கன்பாளையம் என்று கல்லூரிகள் வந்தன. இப்போது மேலக்கோட்டையூரில் இதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பட்டம் முடித்தவர்கள் சேருகிற பி.பி.எட். எங்கள் காலத்தில் ஒரு வருடம். 2014ல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் விதியை மாற்றி இரண்டு வருடம் ஆக்கியது. பிளஸ் டூவுக்குப் பிறகு என்றால் டி.பி.எட்., அதுவும் இரண்டு வருடம். அம்மா, நீ கேட்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது.

வேலையில் சேர்ந்து ஏழெட்டு வருடம் இருக்கும். பிரார்த்தனைக்குப் பிந்தி வந்தால் மைதானத்தை ரெண்டு சுற்று ஓட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பிந்தி வந்தாள். ஓடினாள். இரண்டாவது சுற்றில் வேப்பமரத்துத் திருப்பத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் நின்ற இடத்திலிருந்தே கத்தினேன், "நடிக்காத, எந்திரி!" எழுந்தாள், நாலு எட்டு வைத்தாள், விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். செவிலியர் அந்தப் பிள்ளையின் கீழிமையைப் பெருவிரலால் மெல்ல இழுத்து என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. ஹீமோகுளோபின் ஆறும் சொச்சமும். அந்த வயதுப் பெண்ணுக்குப் பன்னிரண்டுக்குக் குறைந்தாலே ரத்தசோகை.

எனக்குத் தெரியாததா? சுகாதாரக் கல்வித் தாளில் ரத்தசோகையின் அறிகுறிகளைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன் நான். வெளிறிய இமை, வெளிறிய நகம், மூச்சிரைப்பு, சோர்வு என்று வரிசையாக எழுதினேன். கண்ணெதிரே ஒரு பிள்ளை அத்தனை அறிகுறியோடும் இரண்டு மாதமாக நடமாடியிருக்கிறாள். எனக்கு அவள் 'லேட்'டாகத்தான் தெரிந்தாள். அந்த ஸ்டாப்வாட்ச்காரர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்!

அன்றோடு ஓட்டத் தண்டனையை விட்டேன். தப்புச் செய்தால் ஓடு, தோப்புக்கரணம் போடு என்று சொல்லிக்கொண்டே வந்தால், பெரியவனானதும் எவன் காலையில் எழுந்து ஆசையாக ஓடுவான்? ஒவ்வொரு ஜூனிலும் முதல் வாரம் விளையாட்டே கிடையாது. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு இமை, நகம், எடை, உயரம், மூச்சு பார்ப்பேன். பெண் பிள்ளைகளுக்கு டீச்சர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வேன். ஒரு நோட்டு. சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு. நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிற பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு. அப்படியானால் என் வரிசையில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் விடைத்தாளைப் பார்க்கிறார், தமிழய்யா கையெழுத்தைப் பார்க்கிறார். பிள்ளை நடக்கிறது, மூச்சு வாங்குகிறது, ஒரு தோளைச் சாய்த்து நிற்கிறது என்பதைப் பார்க்கச் சம்பளம் வாங்குகிறவர் ஒரே ஒருவர்தான்.

அவரை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடல்நலத்துக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. 'பகுதிநேரம்' என்ற சொல்லைச் சட்டமே எழுதிவிட்டது. 2012ல் இங்கே ஓவியம், தையல், கணினி, உடற்கல்வி எல்லாவற்றுக்குமாகப் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு ஊதியம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது, சரி. ஆனால் அரை நாளில் அறுநூறு இமையை எப்படிப் பார்ப்பது?

அரசாங்கத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. நாமும் கூட்டுத்தான். ஜனவரி பிறந்தால் பி.டி. பீரியடைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கொடுத்துவிடுவோம். கொடுக்கிறவர் தலைமையாசிரியர், வாங்குகிறவர் சக ஆசிரியர், மகிழ்கிறவர் பெற்றோர். (முன்வரிசையில் ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள், வாங்கியவர்கள் யாரென்று எனக்குத் தெரியும்.) ஐந்து முதல் பதினேழு வயதுப் பிள்ளை தினமும் சராசரியாக அறுபது நிமிடம் நன்றாக மூச்சு வாங்க உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பதினோரு வயது முதல் பதினேழு வயது வரை இருக்கிற பிள்ளைகளில் உலகம் முழுக்க நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை என்று 2019ல் அதே நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. நம் பிள்ளை வேனில் போய், பெஞ்சில் உட்கார்ந்து, வேனில் வந்து, டியூஷனில் உட்காருகிறது. இருக்கிற நாற்பது நிமிடத்தையும் பிடுங்கினால் அது எங்கே போய் அசையும்?

அய்யா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் மகள் படிக்கட்டும். ஆனால் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். அங்கே போனதும் வேகமாக ஓடுகிற பிள்ளைகளைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். சான்றிதழும் பதக்கமும் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். அது தப்பில்லை. ஆனால் வேலைக்கு வந்தபிறகு அவளிடம் வருகிற அறுபதில் பதக்கம் வாங்குவது ஒன்றோ இரண்டோ. சுவரோரம் ஒதுங்கி நிற்கிற பிள்ளை, குண்டாக இருக்கிறோம் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிற பிள்ளை, "இன்னைக்கு வயித்து வலி மிஸ்" என்று மாதத்தில் மூன்று நாள் சொல்லத் தயங்கி ஆண் வாத்தியாரிடம் திட்டு வாங்குகிற பிள்ளை... அவர்களுக்காகத்தான் பெண்கள் இந்தப் படிப்புக்கு நிறைய வர வேண்டும் என்கிறேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் நம் அரசு மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டு விழா. அங்கே இப்போது இருக்கிற உடற்கல்வி ஆசிரியர் ஒற்றை ஆள். நாளைக் காலை ஐந்தரைக்கு ஓடுதளக் கோடு போட என்னையும் கூப்பிட்டிருக்கிறார். மூலைமட்டம் பார்க்க எங்கள் இருவருக்கும் கை போதாது, கயிறு பிடிக்க ரெண்டு பேர் வேண்டும். ஒரு முனைக்கு அந்தப் பெண் வந்தால் நன்றாயிருக்கும். இன்னொரு முனைக்கு, அய்யா, உங்களுக்கு ஒழிவு இருந்தால் நீங்களே வாருங்கள். பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். சுண்ணாம்பு ஒட்டினால் லேசில் போகாது.