ஒரே மருந்து, இரு பலன்

இருதய நோயுற்ற இருவர்க்கு ஒரே மருந்து ஒரே அளவிற் கொடுக்கப்படுகின்றது. ஒருவர் நலம்பெற்று வாழ்கின்றார். மற்றவரோ சில மாதங்களில் மீண்டும் நெஞ்சுவலியோடு வைத்தியசாலையை அடைகின்றார். வைத்தியர் பிழை செய்தாரல்லர். நோயாளியும் மருந்துண்ணத் தவறினாரல்லர். அங்ஙனமாயின் இவ்வேறுபாடு எதனால் விளைந்தது?

இரத்தம் கட்டியாக உறைவதைத் தடுப்பதற்குக் குளோபிடோகிரல் என்னும் மருந்து வழங்கப்படுகின்றது. ஈரலிலுள்ள நொதியமொன்று இதனை மாற்றியமைத்த பின்னரே இது பயன் தரும். அந்நொதியத்தை ஆக்கும் பரம்பரையலகு சிலரிடத்தே பிறப்பிலேயே குறைபாடுடையது. அத்தகையோர்க்கு அம்மருந்து போதிய பலனளிப்பதில்லை. இக்குறைபாடு ஐரோப்பிய வழியினரைவிட ஆசிய மக்களிடையே மிகுதியாகக் காணப்படுகின்றது.

இத்தகைய வேறுபாடுகளை ஆராய்வதற்கு, அமெரிக்காவில் நாஷ்வில் நகரிலுள்ள வண்டர்பில்ட் சர்வகலாசாலையார் 2007ஆம் ஆண்டில் ஒரு வழி வகுத்தனர். பரிசோதனைக்கு எடுத்து எஞ்சிய இரத்தம் வீணே கழிக்கப்படுவது வழக்கம். அவர்கள் அதிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்துச் சேமித்தனர். கணனியிலுள்ள நோயாளர் பதிவேட்டோடு அதனை இணைத்தனர். பெயர், விலாசம் முதலியன நீக்கப்பட்டு, இரகசிய இலக்கமொன்றே எஞ்சியது. தம் இரத்தத்தை ஆராய்ச்சிக்குத் தர விரும்பாதோர் மறுப்பதற்கும் உரிமை இருந்தது.

2012ஆம் ஆண்டில் அங்கிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. குளோபிடோகிரல் உண்டும் மீண்டும் இருதய நோய்க்கு ஆளான 225 பேரையும், அவ்வாறு ஆளாகாத 468 பேரையும் கணனி பதிவேடுகளிலிருந்தே தெரிந்தெடுத்தது. அவர்தம் பரம்பரையலகுகளை ஒப்புநோக்கியபோது, மேற்கூறிய குறைபாடுடையாரிடத்தே நோய் மீளும் அபாயம் கூடுதலென்பது புலப்பட்டது. புதிதாக ஒருவரையேனும் அழைத்துச் சோதியாமல், வைத்தியர் அன்றாடம் எழுதிவைத்த குறிப்புக்களிலிருந்தே இவ்வுண்மை பெறப்பட்டது.

இவ்வறிவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. நோயாளரின் பரம்பரையலகை முன்னரே சோதித்துப் பதிவேட்டிற் குறித்துவைக்கும் முறை அங்கு 2010ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. பயன்படாத மருந்தை வைத்தியர் எழுதப் புகும்போது கணனி எச்சரிக்கும். அவரும் வேறு மருந்தை நாடலாம்.

எனினும், பதிவேடு பேசுவது அதில் எழுதப்பட்டதை மட்டுமே. மருந்தின் பெயர் எழுதப்பட்டிருப்பினும், நோயாளி அதனை உண்டாரா என்பதை அது கூறாதிருக்கலாம். பதிவேட்டில் இடம்பெறாத மக்களைப் பற்றி அது யாதும் உரையாது. ஆகவே, எல்லா இனத்தாரின் பதிவுகளும் சேர்தல் வேண்டும். ஒவ்வொருவருடைய அந்தரங்கமும் காக்கப்படுதல் வேண்டும். அவ்வாறாயின், ஒரு நோயாளியின் பொருட்டு வைத்தியர் இன்று கருத்தோடு எழுதும் ஒரு வரி, அவர் என்றுமே காணாத வேறொருவரின் உயிரை நாளை காத்தல் கூடும்.