பத்து சென்டாவோ: பசிபிக் போரும் ஒத்திப்போடப்பட்ட ஷரத்துகளும்



தென் அமெரிக்க வரலாறு என்றால் நமக்கு பொலிவாரோடு தொடங்கி அவரோடே முடிந்துவிடுகிறது. ஸ்பெயின்காரர்கள் போனார்கள், குடியரசுகள் பிறந்தன, அவ்வளவுதான். அந்தக் குடியரசுகள் பிறகு எல்லையை எப்படிப் பிரித்துக்கொண்டன என்று நாம் கேட்பதில்லை. ஸ்பெயின் விட்டுப்போன நிர்வாகக் கோடுகளையே தேச எல்லையாக எடுத்துக்கொள்வது என்பது அவர்களிடையே இருந்த பொதுவான புரிதல். ஆளில்லாத இடத்தில் ஸ்பெயின் கோட்டைச் சரியாகப் போட்டிருக்கவே இல்லை என்பதுதான் சிக்கல். அப்படியொரு இடம் அட்டகாமா பாலைவனம். அங்கே சிலி ஒரு பக்கமும், பொலிவியாவும் பெருவும் மறுபக்கமுமாக 1879 முதல் நடத்திய போரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பசிபிக் போர் என்று பெயர்.

1879 பிப்ரவரி 14ஆம் தேதி சிலியின் படைகள் அன்டோஃபகாஸ்தா துறைமுகத்தில் இறங்கின. ஊர் பொலிவியாவுடையது. எதிர்ப்பு எதுவும் இல்லை, இருக்கவும் வழியில்லை. ஊர் மக்களில் பெரும்பாலோர் சிலியர்கள். பொலிவிய அரசு என்று அங்கே இருந்தது சில அதிகாரிகளும் ஒரு சிறு காவல் படையும்தான். அதே நாளில்தான் ஒரு கம்பெனியின் சொத்துகளை பொலிவிய அதிகாரிகள் ஏலம் விடுவதாக இருந்தது. அன்டோஃபகாஸ்தா வெடியுப்பு மற்றும் ரயில்வே கம்பெனி. சிலி நாட்டு முதலாளிகளுடையது, பிரிட்டனின் கிப்ஸ் வணிக நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. அது கட்ட மறுத்த வரி, குவிண்டாலுக்கு பத்து சென்டாவோ. குவிண்டால் என்பது ஏறத்தாழ 46 கிலோ.

பத்து காசுக்காக ஒரு போரா என்று கேட்டு, இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிடுபவர்கள் உண்டு. எல்லாம் ஆங்கிலேய முதலாளிகளின் சதி என்பது இன்னொரு எளிய விளக்கம். கிப்ஸ் நிறுவனத்துக்கு லாபக் கணக்கு இருந்தது உண்மைதான். ஆனால் பெருவின் தாரபாகா மாகாணத்தில் அந்நாட்டு வெடியுப்பை விற்றுக் கொடுக்கும் வேலையிலும் அதே நிறுவனம் ஈடுபட்டிருந்தது. இரண்டு பக்கமும் கை நனைத்தவர்கள் யாருக்காகச் சதி செய்வார்கள்? இவை இரண்டையும்விட ஒப்பந்தங்களைப் படிப்பது பயன் தரும் என்று நினைக்கிறேன். இந்தப் போருக்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட ஒவ்வொரு ஒப்பந்தமும் ஒரு கேள்வியைத் தீர்க்காமல் ஒத்திப்போட்டது. அடுத்த சண்டை அங்கிருந்துதான் கிளம்பியது.

1825இல் பொலிவியா பிறந்தபோது அதற்குக் கடற்கரை இருந்தது, கோபிஹா என்ற துறைமுகமும் இருந்தது. ஆனால் லா பாஸிலிருந்து அங்கே போக ஆண்டிஸைத் தாண்டி, தண்ணீரில்லாத பாலையைக் கடக்க வேண்டும். பொலிவிய வணிகர்களே பெருவின் அரிகா துறைமுகத்தைத்தான் பயன்படுத்தினார்கள். அந்தக் கரையில் முதலில் பறவை எச்சமான குவானோ, பிறகு வெடியுப்பு என்று உரத்துக்கும் வெடிமருந்துக்கும் ஐரோப்பா விலை கொடுத்து வாங்கும் சரக்கு கிடைத்தவுடன்தான், கோடு எங்கே என்ற கேள்விக்கு அவசரம் வந்தது. தோண்ட வந்த கூலியாட்களும், போட்ட முதலும், குடிக்கக் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரமும் பெரும்பாலும் சிலியின் வால்பரைசோவிலிருந்து கப்பலில் வந்தவை.

சிலியும் பொலிவியாவும் 1866இல் போட்ட ஒப்பந்தம் எல்லையை 24ஆம் தென் அட்சக்கோட்டில் வைத்தது. அதோடு நின்றிருந்தால் நல்லது. 23க்கும் 25க்கும் இடையில் கிடைக்கும் வருவாயை இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் என்றும் எழுதினார்கள். அண்ணன் தம்பி வயலைப் பிரித்துக்கொண்டு கிணற்றை மட்டும் பொதுவில் வைத்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கணக்குத் தகராறு ஓயாமல் போகவே, 1874இல் புது ஒப்பந்தம் வந்தது. சிலி தன் பங்கைப் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு, அந்தப் பகுதியில் உள்ள சிலி நாட்டு ஆட்களுக்கும் தொழில்களுக்கும் முதலீட்டுக்கும் 25 ஆண்டுகள் புது வரி எதையும் போடுவதில்லை என்று பொலிவியா ஒப்புக்கொண்டது.

நான்கு ஆண்டுகளில் வரி வந்துவிட்டது. இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் பொலிவியாவின் வாதம் முட்டாள்தனமானதல்ல. கம்பெனிக்கு 1873இல் நிர்வாகம் கொடுத்த சலுகை ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் அங்கீகரித்திருக்கவில்லை. 1878 பிப்ரவரி 14இல் நாடாளுமன்றம் அதை அங்கீகரித்தது; ஆனால் குவிண்டாலுக்குக் குறைந்தது பத்து சென்டாவோ தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆகவே இது வரி அல்ல, ஒரு தனியார் கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விலை என்றது பொலிவியா. பெயர் என்னவானாலும் இது 1874 ஒப்பந்தத்தை மீறிய வரிதான் என்றது சிலி. வழக்கறிஞர் ஒருவரிடம் இந்த இரண்டு வாதங்களையும் கொடுத்தால் எதற்கு வேண்டுமானாலும் வாதாடுவார். 1874 ஒப்பந்தத்தின் பின்னிணைப்பிலேயே நடுவர் தீர்ப்புக்கு வழி இருந்தது. ஜனாதிபதி ஹிலாரியோன் தாசா அந்த வழியைப் பிடிக்காமல், 1879 பிப்ரவரி 1இல் சலுகையையே ரத்து செய்தார். முந்தைய ஆண்டுகளின் நிலநடுக்கமும் பஞ்சமும் கஜானாவைக் காலி செய்திருந்தன என்பது உண்மை. ஆனால் பத்து சென்டாவோவால் அது நிரம்பியிருக்கப் போவதில்லை.

சிலியும் உத்தமமாக நடந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. அதன் பொருளாதாரமும் 1878இல் நொடித்துப்போய், காகிதப் பணத்துக்கு வெள்ளி தர முடியாமல் நின்றது. இறங்கிய படை 24ஆம் கோட்டோடு திருப்திப்படவில்லை. 23ஆம் கோடு வரை போயிற்று. பொலிவியா போர் அறிவித்தது. பெருவுக்கும் பொலிவியாவுக்கும் 1873இலேயே ஒரு ரகசியக் கூட்டணி ஒப்பந்தம் இருந்தது. பெரு சமாதானம் பேசப்போய், நீ நடுநிலை வகிப்பாயா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் மாட்டிக்கொண்டது. ஏப்ரல் 5ஆம் தேதி சிலி இரண்டு நாடுகள்மீதும் போர் அறிவித்தது.

சாலையும் நீரும் இல்லாத கரையில் கடலைப் பிடித்தவனுக்குத்தான் நிலம். பொலிவியாவுக்குப் போர்க்கப்பலே இல்லை. பெருவிடம் இருந்த நல்ல இரும்புக்கப்பல்கள் இரண்டுதான், உவாஸ்கரும் இன்டிபென்டென்சியாவும். மே 21இல் பெருவின் இகீகே துறைமுகத்தில் சிலியின் பழைய மரக்கப்பல் எஸ்மெரால்டாவை உவாஸ்கர் மோதி மூழ்கடித்தது. எஸ்மெரால்டாவின் தலைவர் ஆர்துரோ பிராத், மோதிய கப்பலின் தளத்தில் குதித்து அங்கேயே இறந்தார். உவாஸ்கரின் தலைவர் மிகேல் கிராவ் கடலில் தத்தளித்த எதிரிகளை மீட்டார். பிராத்தின் வாளையும் உடைமைகளையும் ஒரு கடிதத்தோடு அவர் மனைவிக்கு அனுப்பிவைத்தார். இன்று சிலியில் பிராத் பெயரிலும் பெருவில் கிராவ் பெயரிலும் தெரு இல்லாத ஊர் அரிது. ஆனால் போரின் போக்கைத் தீர்மானித்தது அந்த வீரம் அல்ல. அதே நாளில், சிறு கப்பல் ஒன்றைத் துரத்திப்போன இன்டிபென்டென்சியா புன்தா குருயேசாவில் பாறையில் ஏறி உடைந்தது. பெருவின் கடற்பலம் பாதியானது அன்றைக்குத்தான். மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு கிராவ் சில மாதங்கள் சிலிக் கடற்படையை அலைக்கழித்தார். ஜூலையில் குதிரைப்படையோடு வந்த ரீமாக் என்ற கப்பலையே பிடித்துக்கொண்டுபோனார். அக்டோபர் 8இல் அங்காமோஸ் முனையில் அவர் கொல்லப்பட்டார், உவாஸ்கர் பிடிபட்டது. அது இப்போது சிலியின் தால்காவானோவில் அருங்காட்சியகம்.

பிறகு நடந்ததை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பரில் தாரபாகா போயிற்று. 1880 மே மாதம் பெருவின் தாக்னாவில் தோற்ற பொலிவியப் படை மலையேறிப் போய்விட்டது, திரும்பவில்லை. அடுத்த மாதம் அரிகா. 1881 ஜனவரியில் சிலிப் படை லிமாவுக்குள் நுழைந்து, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அங்கேயே இருந்தது. பெருவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளைப்போல நடத்தப்பட்ட சீன ஒப்பந்தக் கூலிகளில் பலர், வந்த படையை விடுதலைப் படையாகப் பார்த்து அதோடு சேர்ந்துகொண்டார்கள். தேசப்பற்று பற்றிப் பேசும் பெரு நாட்டு வரலாறுகள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடும். லிமாவின் தேசிய நூலகம் காலியாயிற்று. எழுத்தாளர் ரிக்கார்டோ பால்மா பிறகு அதன் தலைவராகி, கடிதம் எழுதிக் கேட்டுக் கேட்டே புத்தகம் சேர்த்தார். பிச்சைக்கார நூலகர் என்ற பட்டமே அவருக்குக் கிடைத்தது. சிலி 3,788 நூல்களைத் திருப்பிக் கொடுத்தது 2007இல்.

வென்ற நாட்டுக்கு என்ன கிடைத்தது? நிலம் கிடைத்தது. வெடியுப்பு ஆலைகள் வேறு கைக்குப் போயின. தாரபாகா ஆலைகளை 1875 முதல் தேசியமயமாக்கிய பெரு, உரிமையாளர்களுக்குப் பணத்துக்குப் பதில் பத்திரம் கொடுத்திருந்தது. போரில் பத்திரங்களின் விலை சரிந்தது. ஜான் தாமஸ் நார்த் என்ற ஆங்கிலேயர், வால்பரைசோ வங்கியில் கடன் வாங்கி அவற்றை மலிவாக வாங்கிக் குவித்தார். பத்திரம் வைத்திருப்பவருக்கே ஆலை என்று சிலி அரசு முடிவு செய்தது. நார்த் வெடியுப்பு ராஜா ஆனார். பத்து சென்டாவோ அநியாயம் என்று படை அனுப்பிய அதே சிலி, இப்போது அதைவிடப் பல மடங்கு ஏற்றுமதி வரியைத் தானே விதித்தது. பல ஆண்டுகளுக்கு அரசு வருவாயில் ஏறத்தாழ பாதி அதிலிருந்து வந்தது. ஜெர்மனியில் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்து உரம் செய்யும் முறை வந்த பிறகு அந்த வருவாய் வற்றியது.

நிலத்தின் கதை வற்றவில்லை. 1883 அன்கோன் ஒப்பந்தத்தில் பெரு தாரபாகாவை முழுதாகக் கொடுத்தது. தாக்னாவும் அரிகாவும் பத்து ஆண்டுகள் சிலியிடம் இருக்கும், பிறகு மக்கள் வாக்கெடுப்பு என்று எழுதினார்கள். யார் வாக்களிக்கலாம், யார் நடத்துவது என்று எழுதவில்லை. அந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. மாறாக, அங்கே இருந்த பெருவியர்களை விரட்டுவதும் பள்ளிகளை மூடுவதும் நடந்தன. கடைசியில் 1929இல் தாக்னா பெருவுக்கு, அரிகா சிலிக்கு, கூடவே பெருவுக்கு 60 லட்சம் டாலர் என்று முடிந்தது. அதன் துணை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: இந்தப் பகுதியில் எதையும் மூன்றாவது நாட்டுக்குக் கொடுப்பதானால், மற்றவரின் சம்மதம் வேண்டும்.

அந்த மூன்றாவது நாடு யாரென்று பெயர் சொல்லத் தேவையில்லை. 1904 ஒப்பந்தத்தில் பொலிவியா கடற்கரையை நிரந்தரமாக விட்டுக்கொடுத்தது. பதிலுக்குத் துறைமுகங்களுக்குத் தடையில்லாப் போக்குவரத்தும், அரிகாவிலிருந்து லா பாஸுக்கு ரயில்பாதையும் பெற்றது. இன்றும் பொலிவியாவில் மார்ச் 23 கடல் நாள். டிட்டிகாகா ஏரியில் ஒரு கடற்படையும் உண்டு. சிரிப்பதற்கு எளிது, நான் சிரிக்க மாட்டேன்.

1975இல் சிலியின் பினோசெட்டும் பொலிவியாவின் பான்சரும் சந்தித்து, பெரு எல்லையை ஒட்டி அரிகாவுக்கு வடக்கே ஒரு நிலத்துண்டு பற்றிப் பேசினார்கள். 1929 ஷரத்துப்படி பெருவைக் கேட்க வேண்டியிருந்தது. மூன்று நாடுகளும் சேர்ந்து ஆளும் பகுதி ஒன்று வேண்டும் என்றது பெரு, சிலி மறுத்தது, பேச்சு முறிந்தது. பொலிவியா 2013இல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் போனது. கடல்வழி குறித்துப் பேச்சு நடத்தச் சட்டப்படி சிலிக்குக் கடமை இல்லை என்று 2018 அக்டோபர் 1இல் 12க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. விரும்பினால் பேசலாம் என்பதையும் நீதிபதிகள் மூடிவிடவில்லை.

ஆனால் அந்தக் கடல்வழியை எங்கே கொடுப்பது? அன்டோஃபகாஸ்தா பக்கம் ஒரு வழி கொடுத்தால் சிலி இரண்டு துண்டாகும். எந்த அரசும் அதற்கு இசையாது. அரிகா பக்கம் கொடுக்கலாம். அது முன்பு பெருவின் நிலம். ஆகவே சாந்தியாகோவும் லா பாஸும் நாளைக்கே மனமொத்துப் போனாலும் லிமா கையெழுத்துப் போடாமல் காரியம் நடக்காது. 1873இல் ரகசியமாக பொலிவியாவின் பக்கம் நின்ற அதே பெருவிடம்தான் அந்தச் சாவி இருக்கிறது.